ஃபீஸ் கட்டியாச்சு... லீவுக்கு எங்க போறது? பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த கல்லூரி மாணவர்களுக்கு என்ன தேவை?

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 38 பேர் இறந்தார்கள். சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ல் 20 பேருக்கு மேல். கணவன், மனைவி இருவரும் ஒரே ஆலையில் வேலை பார்ப்பது இந்தப் பகுதியில் சகஜம். அதனால் ஒரே நாளில் அம்மா, அப்பா இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது கல்லூரி வயது.

அரசு என்ன தருகிறது?

விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் என்றும் சொன்னார். 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்குப் போனால் ‘புதுமைப்பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ மூலம் மாதம் 1,000 ரூபாய்.

நல்ல திட்டங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இவை பெரும்பாலும் பணம் சார்ந்த உதவிகள். படிப்பைப் பாதியில் விடுவதற்குப் பணம் மட்டுமே காரணம் இல்லையே!

அப்புறம் என்ன பிரச்னை?

இந்தப் பிள்ளைகளில் பலர் பாட்டி, பெரியம்மா, தாய்மாமா வீட்டில்தான் வளர்கிறார்கள். பாசத்துக்குக் குறைவிருக்காது. ஆனாலும், ‘நம்மளால இவங்களுக்குச் செலவு’ என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். கூட வளர்ந்தவர்கள் வேலைக்குப் போகும்போது தான் மட்டும் படிப்பது குற்ற உணர்ச்சியாக மாறும். மனசு சரியில்லை என்று வீட்டில் சொல்லவே தயங்குவார்கள்.

கல்லூரிக்குப் போனால், ‘அப்பா என்ன பண்றாரு?’ என்ற சாதாரணக் கேள்வி. பேரன்ட்ஸ் மீட்டிங். கையெழுத்துக்கு ‘பெற்றோரைக் கூட்டிட்டு வா’ என்ற உத்தரவு. ஒவ்வொரு முறையும் நடந்ததை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

அடுத்து தீபாவளி. ஹாஸ்டலைப் பூட்டிவிடுவார்கள். ஊருக்குப் போனால் உறவினர் வீடு, ஊரெங்கும் வெடிச்சத்தம். மற்றவர்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் சத்தம் இவர்களுக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தும்.

சட்டம் எந்த வயது வரை துணை நிற்கிறது?

சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருப்பவருக்கு 18 வயதோடு அந்தப் பராமரிப்பு முடிகிறது. இல்லத்திலிருந்து வெளியேறுபவருக்கு ‘பிற்காப்பு’ என்ற பெயரில் பொதுவாக 21 வயது வரை உதவலாம். ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். ஆனால் 18 வயதில் பி.இ. சேர்ந்தவர் படிப்பை முடிக்கும்போது 22 ஆகிவிடும். பாட்டி வீட்டில் வளர்ந்தவர் இந்தப் பிற்காப்புக்குள்ளேயே வர மாட்டார்.

இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கு 25 வயது வரை தனி ஆலோசகர் ஒருவரைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. கல்லூரி விடுமுறையில் தங்க இடம் இல்லையென்றால், அதற்கு உள்ளாட்சி நிர்வாகம்தான் பொறுப்பு.

நம்மால் முடியாதா?

முடியும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து வழிகாட்டிகளை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ல் உத்தரவிட்டிருக்கிறது. அதை விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளில் இந்த மாணவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

கல்வி உதவி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும், பட்டம் வாங்கும் வரை மாறாத ஒரு பொறுப்பாளரை மாவட்ட நிர்வாகம் நியமிக்கட்டும். மாதம் ஒரு போன், செமஸ்டருக்கு ஒரு நேரடிச் சந்திப்பு போதும். கையெழுத்து தேவைப்பட்டால் அவரே போடட்டும். தீபாவளி, பொங்கலுக்கு ஒரு ஹாஸ்டலாவது திறந்திருக்கட்டும். செக் கொடுக்கும்போது மேடையில் நிறுத்தி போட்டோ எடுப்பதை விட்டுவிடலாம். ‘விபத்துல இறந்தவங்க பிள்ளை’ என்ற அடையாளத்தோடு வகுப்பில் உட்கார யாருக்கும் பிடிக்காது.

5 கோடி ஒதுக்கிய அரசுக்கு இதெல்லாம் பெரிய செலவே இல்லை. ஃபீஸ் கட்டுவதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது. ‘சாப்பிட்டியா, எக்ஸாம் எப்படி எழுதுன?’ என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா என்பதையும் அது உறுதி செய்ய வேண்டும்.

(மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமா? டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.)