மூன்று வருஷக் கெடு

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடாதவனுக்குச் சட்டமே அரணாக நிற்கிறதென்றும், மூன்று வருஷம் சாக்குப்போக்குச் சொல்லிக் காலத்தைத் தள்ளியவன் நான்காம் வருஷத்தில் கடன் கொடுத்தவன் எதிரே நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாமென்றும் ஓர் அபிப்பிராயம் நம் ஜனங்களிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களும் இதையே சொல்லி, காலவரையறைச் சட்டத்தை அதர்மம் என்று தூஷிக்கிறார்கள். அந்தத் தூஷணை முற்றிலும் பிசகு என்பதும், அதனால் இடர்ப்படுகிறவர்கள் ஏழைகளே என்பதும் என் உறுதியான எண்ணம்.

முதலாவதாக, இந்தச் சட்டம் கடனை அழிப்பதில்லை. 1963ஆம் வருஷத்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, சொத்தின் சுவாதீனத்துக்கான வழக்கில் கெடு தப்பினால் உரிமையே அற்றுப்போகும். கைக்கடனுக்கு அத்தகைய விதி இல்லை. கோர்ட்டின் வாசல் மட்டுமே அடைபடுகிறது. கெடு கடந்தபின் கடனாளி தானாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. பழைய பாக்கியைத் தீர்ப்பதாக எழுதிக் கையெழுத்திட்டானானால், 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி அந்த வாக்கு செல்லுபடியாகும்.

ஏமாற்றுக்காரனுக்கு இது உதவுகிறது என்பதும் பொருந்தாது. வஞ்சனையால் விஷயத்தை மறைத்தவன் விஷயத்தில், அந்த வஞ்சனை வெளிப்படும் வரையில் கெடு ஓடத் தொடங்குவதே இல்லை. பிரதிவாதி இந்தியாவை விட்டு வெளியே இருந்த காலமும் கணக்கில் கழிக்கப்படுகிறது. இவ்வளவுக்கும் மேலாக, கொடுத்தவன் கெடுவைப் புதுப்பிப்பது மிகச் சுலபம். மூன்று வருஷம் முடியுமுன் ஐந்து ரூபாயேனும் வாங்கி, புரோநோட்டின் முதுகில் வரவு எழுதி, கடனாளியின் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து இன்னும் மூன்று வருஷம் கிடைக்கிறது. பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு, "இப்போது கொடுக்க மாட்டேன்" என்று கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினாலும், அதுவே ஒப்புதலாகிவிடும். இத்தனை வழிகளையும் கைவிட்டுச் சும்மா இருந்தவனுக்காகச் சட்டம் இன்னும் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

மறுபக்கத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. குடியானவன் ஒருவன் அறுவடை முடிந்ததும் நெல் விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கடனைத் தீர்க்கிறான். "நோட்டு பெட்டியிலே இருக்கு, அப்புறமா வந்து வாங்கிக்கோ" என்று பதில் வருகிறது, நோட்டைக் கேட்டு வற்புறுத்துவது மரியாதைக் குறைவென்று அவன் திரும்பிவிடுகிறான். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவன் இட்ட கையெழுத்தோடு அந்தக் காகிதம் பெட்டியிலேயே கிடக்கிறது. வருஷங்கள் கழிந்து கொடுத்தவருடைய பிள்ளைகள் அதைக் கண்டெடுத்து, வட்டியையும் கூட்டிப் பிராது போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தக் குடியானவனும் இல்லை. பணம் கைமாறியதைக் கண்ட அண்டை வீட்டாரும் இல்லை. ரசீதென்று ஒன்று இருந்திருந்தாலும் அதைக் கரையான் அரித்திருக்கும். கடன் கொடுத்தவனுடைய பிரமாணம் பத்திரமாக இருக்க, தீர்த்தவனுடைய பிரமாணமோ மனிதரோடு மனிதராக மறைந்துபோவதுதான் இந்த விவகாரங்களின் இயல்பு. கெடு என்ற ஒன்று இல்லையென்றால், தீர்ந்த கடனைச் சந்ததி சந்ததியாக மறுபடியும் தீர்க்க நேரிடும்.

1859ஆம் வருஷத்திலேயே இந்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் ஏற்பட்டதற்கும், பிரதிவாதி வாய் திறவாவிட்டாலும் கெடு கடந்த பிராதை நீதிபதி தாமே தள்ளிவிட வேண்டும் என்று இன்றைய சட்டத்தின் 3ஆம் பிரிவு கட்டளையிடுவதற்கும் பிரமாணங்களில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வே காரணம் என்று கருதுகிறேன். வக்கீல் அமர்த்த வழியின்றிக் கோர்ட்டுப் படியேறும் குடியானவனின் விதவைக்கு, கெடு என்பது இன்னதென்று எடுத்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?