படகு நிற்கும் துறையில் யாருக்குப் பிழைப்பு?

முசிறித் துறை சொல்லும் பாடம் – அமராவதிக் கரைக்கு அது பொருந்துமா?

ஆற்றில் உல்லாசப் படகு வருகிறது. கரையில் ஒரு துறையில் நிற்கிறது. பயணிகள் இறங்குகிறார்கள். பழைய மாளிகையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். தோட்டத்தில் உலாவுகிறார்கள். பிறகு மீண்டும் படகில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

அவர்கள் போன பிறகு அந்த ஊருக்கு என்ன மிஞ்சுகிறது?

இந்தக் கேள்வியை இப்போது கேட்க வேண்டிய காரணம் உண்டு. நம் நாட்டில் ஆற்றுப் படகுப் பயணம் வேகமாக வளர்ந்து வருகிறது.

2016-ம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அதன்படி நாட்டில் 111 நீர்வழிகள் தேசிய நீர்வழிகள் ஆயின. தமிழ்நாட்டின் காவிரி–கொள்ளிடம், பவானி, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன.

2023 ஜனவரி 13-ந் தேதி, "கங்கா விலாஸ்" என்ற சொகுசுக் கப்பல் காசியில் இருந்து புறப்பட்டது. பங்களாதேஷ் வழியாக அசாம் மாநிலம் திப்ருகருக்குப் போயிற்று. சுமார் 3,200 கிலோமீட்டர் தூரம். 51 நாள் பயணம். முதல் பயணத்தில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பயணிகள் 32 பேர் போனார்கள். கட்டணம் லட்சக்கணக்கில்!

பட்டியலில் பெயர் வந்துவிட்டால் படகு ஓடிவிடாது. வைகையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் ஆசை பிறந்துவிட்டது. ஆகவே, படகுத் துறை ஏற்கெனவே வந்துவிட்ட ஓர் ஊரைப் பார்ப்போம். அது நமக்குத் தூரத்து ஊர் அல்ல.

பழைய உறவு

மடத்துக்குளத்தில் இருந்து உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழியாகப் போனால் கொடுங்கல்லூர் வரும். அந்தப் பகுதிதான் சங்க காலத்து முசிறித் துறைமுகம் என்று கருதப்படுகிறது. பெரியாறு அங்கே கடலோடு கலக்கிறது.

நம் கொங்கு நாட்டுக்கும் முசிறிக்கும் 2,000 ஆண்டு உறவு உண்டு. காங்கயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் கல்லை அறுத்து மணியாகக் கோத்தார்கள். கொங்குச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போனது. அங்கே ரோமாபுரிக் கப்பல்கள் காத்திருந்தன.

மடத்துக்குளத்தைத் தொட்டு ஓடும் அமராவதிக்கும் இதில் பங்கு உண்டு. சங்க காலத்தில் இதன் பெயர் ஆன்பொருநை. இதன் கரையில் உள்ள கரூர், சேரர்களின் தலைநகரமாக விளங்கியது. கரூரில் ஆற்று மணலிலேயே ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன.

முசிறிக்குப் பிற்காலத்தில் கெட்ட காலம் வந்தது. 1341-ம் ஆண்டு பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து துறைமுகம் தூர்ந்துவிட்டது என்றும், கொச்சித் துறைமுகம் அதனால் பிறந்தது என்றும் சொல்வார்கள்.

2007-ம் ஆண்டு முதல் பட்டணம் என்ற சிற்றூரில் தோண்டிப் பார்த்தார்கள். ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள், மணிகள், துறை போன்ற கட்டுமானம், ஒரு மரத்தோணி ஆகியவை வெளிவந்தன.

துறை துறையாகப் படகு

கேரள அரசாங்கம் இதை ஒட்டி முசிறிப் பாரம்பரியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் கட்டத்தை 2016 பிப்ரவரியில் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார்.

ஏற்பாடு எளிமையானது. ஆங்காங்கே படகுத் துறை கட்டினார்கள். பயணி ஒரு துறையில் இறங்கலாம். அங்குள்ள பழைய கட்டடத்தைப் பார்க்கலாம். அடுத்த படகில் ஏறி அடுத்த துறைக்குப் போகலாம்.

கோட்டப்புறத்தில் போர்த்துகீசியர் கட்டிய கோட்டை இருக்கிறது. பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் யூதர்களின் பழைய தொழுகைக் கூடங்கள் இருக்கின்றன. சேந்தமங்கலத்தில் 1269-ம் ஆண்டைச் சேர்ந்த எபிரேய மொழிக் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. அங்கே கோயில், மசூதி, மாதாகோயில், யூதர் கூடம் நான்கும் நடந்து போகும் தூரத்தில் உள்ளன.

எல்லாவற்றிலும் பெயர் பெற்றது சேந்தமங்கலத்துப் பாலியம் மாளிகை.

மாளிகையும் தெருவும்

பாலியத்து அச்சன்மார் கொச்சி ராஜ்யத்தின் பரம்பரை மந்திரிகள். 1663-ல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடம் இருந்து கொச்சியைப் பிடித்தபோது இந்தக் குடும்பம் டச்சுக்காரர் பக்கம் நின்றது. கேரள முறையும் டச்சு முறையும் கலந்த மாளிகை அப்படித்தான் அமைந்தது. கனத்த சுவர், நல்ல மர வேலை, மரத்தில் அடுக்கிய மாடி. பக்கத்தில் பெண்களும் குழந்தைகளும் வாழ்ந்த நாலுகெட்டு வீடு. நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு நடு முற்றமும் சுற்றிலும் அறைகளும் புதிதாகத் தோன்றா.

1809-ல் பாலியத்து அச்சன் ஒருவர் திருவிதாங்கூர் வேலுத்தம்பியுடன் சேர்ந்து வெள்ளைக்காரரை எதிர்த்தார். அவரைப் பிடித்துச் சென்னையில் காவலில் வைத்தார்கள். வீட்டுக்கு இது பெருமை.

ஆனால் இதே வீட்டின் முன் வேறொரு கதையும் நடந்தது.

பாலியம் வீட்டை ஒட்டிய தெருவில் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நடக்கக் கூடாது! நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் இந்த நிலை நீடித்தது. 1947 டிசம்பரில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தடியடி நடந்தது. ஏ.ஜி.வேலாயுதன் என்ற தொண்டர் 1948-ல் உயிர் நீத்தார். அதன் பிறகே வழி திறந்தது.

அன்று தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சீட்டு வாங்கி வீட்டுக்குள்ளேயே போகலாம். இது சிறிய மாற்றமா?

இதே திட்டத்தில் செறாயில் உள்ள சகோதரன் ஐயப்பன் வீடும் நினைவிடமாக இருக்கிறது. 1917-ல் வெவ்வேறு சாதியாரை ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தவர் அவர். மந்திரியின் மாளிகையும், சாதியை எதிர்த்தவரின் வீடும் ஒரே படகு வழியில் இருப்பது நல்ல ஏற்பாடு. இரண்டையும் பார்த்தால்தான் ஊரின் முழுக் கதை விளங்கும்.

பருத்தி கட்டிய மாளிகைகள்

அமெரிக்காவில் ஓர் ஊர் இந்தப் பாடத்தை மிகத் தாமதமாகப் படித்தது.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாட்செஸ் என்ற ஊர். அங்கே பெரிய பெரிய மாளிகைகள். எல்லாம் பருத்திப் பணத்தில் கட்டியவை. பிறகு பருத்தியைக் கூன்வண்டு தின்றது. ஊர் நொடித்தது. 1932-ல் அவ்வூர்த் தோட்டச் சங்கத்துப் பெண்கள் ஒரு யோசனை செய்தார்கள். வசந்த காலத்தில் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் திறந்து விட்டு, கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். கூட்டம் குவிந்தது. ஊர் பிழைத்தது. ஆற்றுக் கப்பல்கள் இன்றும் அங்கே நின்று பயணிகளை இறக்குகின்றன.

ஆனால் அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் யார்? கறுப்பர் அடிமைகள். ஊர் எல்லையிலேயே மனிதர்களை விற்கும் பெரிய சந்தை நடந்தது. பல்லாண்டு காலம் பயணிகளுக்கு மாளிகையின் நாற்காலியும் சரவிளக்கும் காட்டப்பட்டன. சந்தையைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. 2021-ல்தான் அந்தச் சந்தை இடம் தேசியப் பூங்காவில் சேர்க்கப்பட்டது.

பருத்தியும் நூலும் பனியனுமாக வாழும் திருப்பூர்ச் சீமைக்கு இந்தக் கதை எளிதில் புரியும். ஆலை முதலாளியின் பங்களாவை மட்டும் காட்டிவிட்டு, தறியில் நின்றவரை மறந்தால் அது பாதிக் கதைதான்.

வெள்ளம் வந்த ஆண்டு

சேந்தமங்கலத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. அது கைத்தறி ஊர். அங்கு நெய்யும் வேட்டிக்கும் முண்டுக்கும் தனிப் பெயர்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. ஓணம் நெருங்கிய நேரம். விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த புதுத் துணிகள் சேற்றில் மூழ்கின. தறிகள் வீணாயின. நெசவாளர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அப்போது சிலர் ஒரு வழி கண்டார்கள். கறை போகாத சேலைகளைச் சுத்தம் செய்து, துண்டு துண்டாக வெட்டி, சின்னப் பொம்மைகள் செய்தார்கள். அதற்குப் பெயர் "சேக்குட்டி". சேற்றைத் தாண்டி வந்த குட்டி என்று பொருள்.

கணக்கைப் பாருங்கள். நல்ல சேலை ஒன்றின் விலை சுமார் 1,300 ரூபாய். கறை பட்டதால் அதற்கு விலையே இல்லை. அதே சேலையில் 360 பொம்மைகள் செய்யலாம். ஒன்று 25 ரூபாய். மொத்தம் 9,000 ரூபாய்!

பொம்மை செய்தவர்கள் பலரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஆகவே இதை நாள்தோறும் நடக்கும் வியாபாரக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒன்று விளங்குகிறது. அந்தப் பொம்மையை வாங்கியவர்கள் வெறும் துணியை வாங்கவில்லை. அந்த ஊரின் கதையையும் சேர்த்து வாங்கினார்கள்.

மாளிகையைப் பார்க்கக் கொடுக்கும் சீட்டுப் பணம் காவல், துப்புரவு, பராமரிப்பு ஆகியவற்றுக்குப் போய்விடும். ஊரில் பல குடும்பங்களுக்குக் காசு போக வேண்டுமானால், ஊரில் செய்த பொருள் ஊர்க்காரர் கையாலேயே விலையாக வேண்டும்.

அமராவதிக் கரையில் என்ன உண்டு?

இப்போது மடத்துக்குளத்துக்கு வருவோம்.

அமராவதி சுமார் 280 கிலோமீட்டர் ஓடிக் கரூருக்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1957-ல் இதன் குறுக்கே அணை கட்டப்பட்டது. கொள்ளளவு 4 டி.எம்.சி. திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 54 ஆயிரம் ஏக்கருக்கு மேல் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது.

கரையில் பார்க்க வேண்டியவை குறைவு அல்ல. கடத்தூரில் ஆற்றங்கரையிலேயே அர்ச்சுனேசுவரர் கோயில். கொழுமத்திலும் சோழமாதேவியிலும் பழைய கோயில்கள். குமரலிங்கம், கணியூர்ப் பக்கம் பழைய ராஜவாய்க்கால்கள், நெல் வயல், தென்னந்தோப்பு. அணைப் பக்கத்தில் முதலைப் பண்ணை. மடத்துக்குளத்தில் ரயில் நிலையமும் இருக்கிறது.

அப்படியானால் இங்கே படகு விடலாமா?

முடியாது என்பதே நேரான பதில். பெரியாற்றின் முகத்துவாரத்தில் கடல் நீர் ஏறி இறங்குகிறது. அதனால் ஆண்டு முழுவதும் படகு மிதக்கும். அமராவதி அப்படி அல்ல. அணை திறந்தால் ஆறு. மூடினால் மணலும் பாறையும். படகுக்காகத் தண்ணீரைத் தேக்கினால் கடைமடைக்காரரின் பயிர் காயும். படகை விடப் பயிர் பெரிது.

ஆனால் முசிறித் திட்டத்தின் உயிர் படகில் இல்லை. ஓர் ஊரையும் அடுத்த ஊரையும் ஒரே வழியில் கோத்ததில்தான் இருக்கிறது. அந்த வேலையைப் பஸ் செய்யும், சைக்கிளும் செய்யும். பழனிக்கு வரும் பக்தர்கள் எத்தனையோ பேர் மடத்துக்குளம் வழியாகத்தான் போகிறார்கள். அவர்களில் சிலர் அரை நாள் தங்கினாலும் ஊருக்கு நன்மை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அப்படி ஒரு திட்டம் என்றைக்காவது வந்தால், ஊர் மக்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: கதையைச் சொல்வது யார்? கோயில் கட்டிய அரசன் பெயர் வேண்டும். வாய்க்கால் வெட்டியவர், நெல் நட்டவர், தறியில் நின்றவர் கதையும் வேண்டும்.

இரண்டாம் கேள்வி: காசு யார் கைக்குப் போகிறது? வெளியூர் ஓட்டலும் வெளியூர் வண்டியும் மட்டும் பிழைத்தால், ஊருக்கு மிஞ்சுவது குப்பைதான். உள்ளூர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு, உள்ளூர்த் தேங்காய், உள்ளூர்த் துணி ஆகியவை விலையாக வேண்டும். வழிகாட்டியாக உள்ளூர்ப் பிள்ளைகள் பழக வேண்டும்.

மூன்றாம் கேள்வி: ஆறு என்ன ஆகும்? இதற்கு நொய்யலே சாட்சி. கொடுமணலின் பழம்பெருமையைச் சுமந்த அந்த ஆற்றில் சாயக் கழிவு ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையில் விவசாயத்துக்கென்று தேக்கிய நீர் விவசாயத்துக்கு உதவாமல் போனது. கடைசியில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைக்காரர், தொழிலாளி, விவசாயி மூவரும் கஷ்டப்பட்டார்கள். கழிவு வெளியேறாத முறை அதன் பிறகே கட்டாயமாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

கெட்ட ஆற்றைப் பார்க்க எந்தப் பயணியும் வரமாட்டான். அவன் வராவிட்டால் நஷ்டம் சிறிது. அதைக் குடிக்க வேண்டிய ஆடு மாடுகளுக்கும், பாய்ச்ச வேண்டிய வயலுக்கும்தான் நஷ்டம் பெரிது.

ஆகவே முதல் வேலைக்கு எந்தத் திட்டமும் தேவை இல்லை. கழிவையும் குப்பையையும் அமராவதியில் கொட்டாமல் இருப்பது, பழைய வாய்க்காலைத் தூர்த்துவிடாமல் காப்பது, கோயில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்காமல் இருப்பது, ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதைகளைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதி வைப்பது. இவற்றை இன்றே தொடங்கலாம்.

பயணி வந்தால் காட்ட ஊர் இருக்கும். வராவிட்டாலும், வாழ நமக்கு ஊர் இருக்கும்.