கயிறும் கம்பும்

திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்றிசையில் விரிந்து கிடக்கும் கமலாலயத் திருக்குளத்தின் பரப்பைக் கண்டு வியவாதார் இல்லை. கோயில் ஐந்து வேலி, குளமும் ஐந்து வேலி என்று அவ்வூரார் பெருமையுடன் சொல்லுவது வழக்கம். அக்குளத்தின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்தவர், அறுபத்து மூவருள் ஒருவராகிய தண்டியடிகள் நாயனார். பங்குனிச் சதயத்தில் சிவாலயங்களில் அவருக்குக் குருபூசை நடைபெறும்.

தண்டியடிகள் பிறவியிலேயே பார்வை அற்றவர். திருக்கோயிலை வலம் வந்து ஐந்தெழுத்தை ஓதுவது அவருடைய நித்திய வழிபாடு. அந்நாளில் குளம் தூர்ந்து குறுகியிருந்தது. அதைத் தோண்டி விரிவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. குளத்தினுள்ளே ஒரு கம்பு நட்டார். கரைமேல் மற்றொரு கம்பு நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்தார். அதே கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறி மண்ணைக் கொட்டினார். நாள்தோறும் இவ்வாறே செய்துவந்தார்.

அவரை இகழ்ந்தவர்கள் ஒரு நாள் கம்புகளைப் பிடுங்கினார்கள், கயிற்றையும் அகற்றினார்கள். பின்னர் ஆரூர்ப் பெருமான் அருளால் அடிகள் கண்ணொளி பெற்றார் என்பது சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைக்கும் வரலாறு. இதைக் கேட்போர் பெரும்பாலும் கண் பெற்ற அற்புதத்தை நினைவில் கொள்வர். முதியோர் பெருகிவரும் இந்நாளில் நின்று எண்ணத்தக்கது அந்தக் கயிறு. அடிகளுக்கு உள்ளத்தில் பக்தி இருந்தது. உடலில் வலிமையும் இருந்தது. குறையாக இருந்தது வழிகாட்டும் ஒரு கயிறு மாத்திரமே. அது கிடைத்தவுடன் அவர் திருத்தொண்டர் ஆனார்.

இன்று முதியோர் இல்லங்களில் வாழும் பெரியோர் பலர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் வந்தவர்கள் உண்டு. துணையை இழந்து தனித்திருக்க இயலாமல் தாமே விரும்பி வந்தவர்களும் உண்டு. போக்கிடமின்றி வந்தவர்களும் உண்டு. நல்ல இல்லங்களில் குறித்த நேரத்தில் காப்பி வருகிறது, உணவு வருகிறது, மாத்திரை வருகிறது. மருத்துவர் வந்து இரத்த அழுத்தம் பார்த்துச் செல்கிறார். மாலையில் கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தோன்றும்.

ஆயினும் ஐம்பது ஆண்டுகள் வாசல் தெளித்துக் கோலமிட்ட ஓர் அம்மையார் அங்கே வந்த நாள்முதல் கோல மாவைத் தொட்டிருக்கமாட்டார். ஊர்க் கோயிலின் உற்சவக் கணக்கைக் காலணா பிசகாமல் எழுதிவந்த ஒரு பெரியவர் அங்கே பேனாவைத் திறக்கவேண்டிய தேவையே எழுந்திராது. தம்மால் எவருக்கேனும் ஒரு பயன் உண்டு என்னும் நினைவு அவர்களை விட்டு மெல்ல மெல்ல அகல்கிறது. “நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள்? பேசாமல் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பணியாளர் சொல்லுவது அன்பினால்தான். அவ்வன்பும் ஒருவகையில் கம்பைப் பிடுங்கிக் கயிற்றை அகற்றும் செயலாகவே முடிந்துவிடுகிறது.

பிறந்தநாளையும் திருமண நாளையும் முன்னிட்டு இல்லங்களுக்கு அன்னதானம் செய்ய வரும் குடும்பங்கள் பல. அது புண்ணியச் செயலே. எனினும் அன்று அங்கே நடப்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். முதியோர் வரிசையாக அமர்த்தப்படுகின்றனர், இனிப்பைப் பெற்றுக்கொள்கின்றனர், நன்றி கூறுகின்றனர், நிழற்படத்துக்கு முகம் காட்டுகின்றனர். கொடுப்பவர் வாரந்தோறும் மாறுகிறார், பெறுபவர் மாறுவதில்லை. வாழ்நாளெல்லாம் கொடுத்துப் பழகிய கை, ஏந்தியே இருக்க நேர்வது சிறிய துயரம் அன்று.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லத்தை மாநில அரசு நிறுவலாம் என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. அத்தகைய இல்லங்களில் மருத்துவ வசதியும் பொழுதுபோக்கு வசதியும் அமையவேண்டும் என்பதையும் அது நினைவில் கொண்டிருக்கிறது. கூரையும் மருந்தும் பொழுதுபோக்கும் சட்டத்தால் தரக்கூடியவை. பொழுதுக்கு ஒரு பொருள் உண்டாக்குவது உடனிருக்கும் மனிதர்களின் கடமை.

அக்கடமையை ஒருவர் நிறைவேற்றிக் காட்டிய இடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள நியூ பெர்லின் என்னும் சிற்றூர். அங்குள்ள சேஸ் மெமோரியல் பராமரிப்பு இல்லத்தில் உடல் தளர்ந்தவரும் நினைவு தடுமாறியவருமாக ஏறத்தாழ 80 முதியோர் வாழ்ந்தனர். 1991-ஆம் ஆண்டு அங்கே மருத்துவப் பொறுப்பில் இருந்தவர் பில் தாமஸ் என்னும் இளம் மருத்துவர். அங்குள்ளோரை வாட்டும் நோய்கள் மூன்று என்று அவர் கண்டார். தனிமை, சலிப்பு, தம்மால் ஒன்றும் ஆகாது என்னும் கையறுநிலை ஆகியவையே அம்மூன்று. மருந்துக் கடையில் இவற்றுக்கு மருந்து இல்லை.

அவர் செய்தது விந்தையானது. இரண்டு நாய்களும் நான்கு பூனைகளும் நூறு சிறு கிளிகளும் அவ்வில்லத்துக்குள் வந்தன. அறைதோறும் இருந்த செயற்கைச் செடிகள் போய் உயிருள்ள செடிகள் வந்தன. புல்வெளி இருந்த இடத்தில் தோட்டம் அமைந்தது. பணியாளர்களின் குழந்தைகள் பள்ளி முடிந்ததும் அங்கே வந்து விளையாடினார்கள். கிளிகள் வந்து சேர்ந்தபோது கூண்டுகள் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஓர் அறையில் பறக்கவிடப்பட்ட கிளிகளோடு பணியாளர்கள் பட்ட பாட்டைக் கண்ணாடிக்கு வெளியே கூடிநின்று பார்த்த முதியோர் விழுந்து விழுந்து சிரித்தனராம்.

சில நாள்களில் கிளிகள் அனைத்துக்கும் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. பேச்சையே விட்டுவிட்டார் என்று கருதப்பட்டவர்கள் பேசத் தொடங்கினர். நடக்கமாட்டார் என்று எண்ணப்பட்டவர், நாயைத் தாமே வெளியே அழைத்துச் செல்வதாகக் கூறி எழுந்து வந்தார். மனைவியை இழந்து உணவையும் வெறுத்திருந்த ஒரு முதியவர், தம் அறைக் கிளிகள் எதை விரும்பி உண்ணுகின்றன என்று பணியாளருக்கு நாள்தோறும் எடுத்துரைக்கலானார். இந்திய வம்சாவளி அறுவைச் சிகிச்சை நிபுணரான அதுல் கவாண்டே, 2014-இல் வெளிவந்த ‘பீயிங் மார்ட்டல்’ என்னும் நூலில் இச்செய்திகளை எழுதியிருக்கிறார். அருகிலிருந்த மற்றோர் இல்லத்தோடு ஈராண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இங்கே ஒருவருக்கு எழுதித் தரப்பட்ட மருந்துகளின் எண்ணிக்கை அங்கிருந்ததில் பாதியாயிற்று. இறப்பும் 15 விழுக்காடு குறைந்தது.

இதற்கு முன்னரே, 1976-இல், எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளவியல் அறிஞர் கனெக்டிகட் மாநிலத்து இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், விரும்பிய செடியைத் தாமே தேர்ந்தெடுத்துத் தாமே நீரூற்றி வளர்க்குமாறு கூறினார்கள். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது. ஆனால் நீரூற்றும் வேலையைச் செவிலியர் பார்த்துக்கொண்டார்கள். செடி இருபாலார்க்கும் ஒன்றே. தாமே வளர்த்தவர்களிடத்தில்தான் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் மிகுந்தன.

நம் நாட்டுப் பிருந்தாவனத்திலும் இவ்வுண்மை விளங்கியிருக்கிறது. கண்ணன் விளையாடிய அத்தலத்தில் கணவனை இழந்த மகளிர், பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்தவர்கள், ஆசிரமங்களில் முதுமையைக் கழிக்கின்றனர். வெண்புடைவை உடுத்து, பஜனை ஆசிரமங்களில் மணிக்கணக்காகப் பாடி, அதற்குக் கிடைக்கும் சிறு தொகையையும் அரிசியையும் கொண்டு வாழ்ந்தவர் பலர். 2012-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் நிலையில் கருத்துச் செலுத்தியபின், பிந்தேஷ்வர் பாடக் நிறுவிய சுலப் இன்டர்நேஷனல் அமைப்பு அவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அதனோடு நில்லாமல் எழுத்தறிவும் தையலும் ஊதுவத்தி செய்தலும் கற்பித்தது.

வண்ணமே ஆகாது என்று ஒதுக்கப்பட்டிருந்த அம்மகளிர் 2013-இல் தம் ஆசிரமத்திலே ஹோலி கொண்டாடினர். 2016-இல் தொன்மையான கோபிநாதர் ஆலயத்துக்குள்ளேயே மலரிதழ்களையும் வண்ணப் பொடியையும் ஒருவர் மேல் ஒருவர் தூவி ஆடினர். அதுவரை பிறர் விழாவை ஓரமாக நின்று பார்த்தவர்கள் அன்று விழாவைத் தாமே நடத்துபவர் ஆனார்கள். கண்ணன் ஊரில் கண்ணன் விழா அவர்களுக்கும் உரியதாயிற்று.

தமிழ்நாட்டு இல்லங்களில் இத்தகைய கயிற்றைக் கட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அருகிலுள்ள கோயிலுக்கு அன்றாடம் வேண்டிய பூவைத் தொடுக்காமல் இல்லத்துக்கு அனுப்பினால் போதும். பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து தொடுத்துத் தருவார்கள். பார்வை மங்கியவர் நாரைக் கிழிக்கலாம். விரல் நடுங்குபவர் துளசியை ஆயலாம். பேச்சும் பழங்கதையும் தாமே வந்து சேரும். மாலை சுவாமிக்குச் சாற்றப்பட்டு, அதன் பிரசாதம் திரும்பி வரும்பொழுது, அது அவர்கள் கைங்கரியத்துக்குக் கிடைத்த பேறாகும்.

நவராத்திரியில் கொலுவைப் பணியாளரே வைத்து முடித்துவிடாமல், எந்தப் பொம்மை எந்தப் படியில் என்பதை அங்குள்ள பாட்டிமார் கூடித் தீர்மானிக்கட்டும். சிறு வாக்குவாதம் எழுந்தாலும் நன்றே. மார்கழியில் ஒருவர் கோலத்துக்குப் புள்ளி வைக்க, இன்னொருவர் இழை இழுக்கட்டும். குனிய இயலாதவர் பலகைமேல் வரையலாம். விடுமுறையில் அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் வந்து தாத்தாவிடம் கணக்கும் பாட்டியிடம் சுலோகமும் கற்கலாம். வாரத்தில் ஒருநாள் சமையல் என்ன என்பதை முடிவு செய்யும் உரிமை இல்லத்தவரிடமே இருக்கட்டும்.

நினைவு மறந்தவரை என்ன செய்வது என்று கேட்கத் தோன்றும். அமெரிக்கப் பேராசிரியை ஆன் பாஸ்டிங் 1990-களில் ஒரு வழி கண்டார். மறதி நோயுற்றவரிடம், ‘இது நினைவிருக்கிறதா?’ என்று கேட்டு அவரை வருத்தாமல், ஒரு படத்தைக் காட்டி, ‘இவர் யாராக இருக்கலாம்? எங்கே போகிறார்?’ என்று கேட்டார். எவ்விடை வந்தாலும் சரியே என்று எழுதிக்கொண்டு, அனைவரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டினார்கள். பெற்ற மகள் பெயரை மறந்தவரும் நாமாவளியின் முதலடி எழுந்ததும் உடன்பாடுவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கும். அப்பாட்டையே அவருக்குரிய கயிறாகக் கொள்ளலாம்.

எச்சரிக்கையும் வேண்டும். தொண்டு என்ற பெயரால் இல்லத்து வேலையைக் கூலியின்றி முதியோர் தலைமேல் சுமத்துவது அறமாகாது. தனித்திருந்து ஜபம் செய்ய விரும்புபவரைக் கையைப் பிடித்து இழுத்து வருவதும் முறையன்று. எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது என்பவை அவரவர் விருப்பத்தைப் பொறுத்தவை. அடிகள் தம் கயிற்றைத் தாமே கட்டிக்கொண்டார் என்பதை மறத்தலாகாது.

வீட்டிலுள்ள பிள்ளைகளும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தொலைபேசியில், “அம்மா, சாப்பிட்டாயா? மாத்திரை போட்டுக்கொண்டாயா?” என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவதே பலரின் வழக்கம். அதனோடு, “நோன்புக் கொழுக்கட்டைக்கு மாவு கிளறினேன், விண்டுபோகிறது. என்ன செய்வது, சொல்லம்மா” என்றும் கேட்டுப் பார்க்கலாம். மறுமுனையில் குரல் நிமிர்வதை அப்போதே உணரலாம்.

திருநாவுக்கரசர் எண்பத்தொரு வயது வாழ்ந்தார் என்பது மரபு. முதுமையிலும் அவர் கையைவிட்டு உழவாரப்படை நீங்கவில்லை. திருப்புகலூரில் இறைவன் திருவடி சேரும்வரை கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அப்பர் பெருமானை, ‘போதும், ஓய்ந்திருங்கள்’ என்று எவரும் தடுத்ததாக வரலாறு இல்லை. அடுத்த முறை முதியோர் இல்லத்துக்கு இனிப்போடு செல்லும் குடும்பத்தார், ஒரு கூடை உதிரிப்பூவும் ஒரு கட்டு வாழைநாரும் உடன் எடுத்துச் சென்று, அவர்களோடு அமர்ந்து தொடுத்துவரலாம். தொடுத்த மாலையை எந்தச் சன்னதிக்குச் சேர்ப்பது என்பதை அப்பெரியோரே சொல்லட்டும்.