குசினிக்கு ஒரு பனினி மெசின்

வந்த புதிதில் எமது வீடுகளுக்குள் முதலில் நுழைவது கேத்தில். அடுத்தது றைஸ் குக்கர். மூன்றாவதாக எது வர வேண்டும் என்பதை இப்போது பெரும்பாலும் பிள்ளைகளே தீர்மானிக்கிறார்கள். பாடசாலையிலும் கடைத்தெருவிலும் சூடாக அழுத்தி எடுத்த பாணைச் சாப்பிட்டுப் பழகியவர்கள், வீட்டிலும் அதைக் கேட்கிறார்கள். தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்கு ஓடும் வீட்டில், நாலு மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைக்கு நேற்றைய கறியையும் இரண்டு துண்டுப் பாணையும் கொண்டு ஒரு நல்ல சாப்பாடு செய்யலாம் என்றால், கேட்பதில் நியாயம் இருக்கிறது. எனவே இம்முறை பனினி மெசினைத் தெரிவு செய்வது பற்றிப் பார்ப்போம்.

பனினி என்பது இத்தாலியச் சொல். அங்கே 'பனினோ' என்றால் சிறிய பாண். ஒன்றுக்கு மேற்பட்டால் பனினி. கடைகளில் இதனோடு சேர்த்து அடுக்கியிருக்கும் சான்விச் ரோஸ்டர் வேறு பொருள். அவுஸ்திரேலியாவில் பிறெவில் நிறுவனம் 1974இல் விற்பனைக்கு விட்ட வகை அது. அச்சுப்பாணின் ஓரங்களை ஒட்டி, நடுவே முக்கோணமாக வெட்டிக் கொடுக்கும். தடித்த பாண் அதற்குள் அடங்காது. பனினி மெசினில் இருப்பது இரண்டு தட்டுகள் மட்டுமே. பணிஸ், றோஸ்பாண், மிஞ்சிய றொட்டி என்று எதையும் வைக்கலாம். ஆனால் ஓரம் ஒட்டாது. ஆகவே உள்ளே குழம்பு விட்டால் வெளியே வழியும். வழிந்தது தட்டில் கருகும். புகை எழும்பி எச்சரிக்கை மணி அடிக்கும். பிரட்டல் கறி, வறுத்த ரின்மீன், சீனிச்சம்பல், முட்டைப்பொரியல் போன்ற வற்றிய உள்ளீடுகளே இதற்குப் பொருந்தும்.

முதலில் சுவரைப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் உங்கள் குசினிச் சுவரில் எத்தனை பிளக் துவாரங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வாடகை வீடுகளில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதனால் ஒரு எக்ஸ்ரென்ஷன் வயரில் எல்லாவற்றையும் செருகும் பழக்கம் எங்களிடையே பரவலாக உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பிரித்தானியாவில் ஒரு பிளக் தாங்குவது 13 அம்பியர். 230 வோல்ற் மின்சாரத்தில் அது ஏறத்தாழ 3000 வாற். நான்கு துவாரமுள்ள எக்ஸ்ரென்ஷன் வயரானாலும் நான்குக்கும் சேர்த்து அந்த 3000 வாற்தான். கேத்தில் ஒன்றே 3000 வாற்றை இழுக்கக் கூடியது. சிறிய பனினி மெசின் 700 முதல் 1000 வாற் வரையும், பெரியது 1500 முதல் 2000 வாற் வரையும் இழுக்கும். கேத்திலும் மெசினும் ஒரே வயரில் சேர்ந்து ஓடினால் வயர் சூடாகும். பல வீடுகளில் தீ இப்படித்தான் தொடங்குகிறது. மெசினைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். பியூஸ் எரிந்து போனால் அதே அளவுள்ள பியூசையே போடுங்கள். வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.

உறவினர் அனுப்பும் மெசின்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ற். அங்கே வாங்கியதை இங்கே செருகினால் அது எரிந்து போகும். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் நாடுகளில் வாங்கியவை இங்குள்ள வோல்ற்றிலேயே ஓடும். ஆனால் பிளக் வேறு. பயணத்துக்குக் கொண்டு செல்லும் சிறிய அடப்ரர் இதற்கு உதவாது. தகுதியுள்ள மின்வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு, பியூஸ் உள்ள 13 அம்பியர் பிளக்கைப் பூட்டுவித்துப் பாவிக்க வேண்டும்.

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் விடுதி அறையில் தங்கியிருப்பவர்கள், மின்கருவி பாவிக்க அனுமதி உண்டா என்று பொறுப்பாளரிடம் கேட்ட பின்பே வாங்குவது நல்லது.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலாவது, தட்டுக் கழருமா என்று பாருங்கள். கழராத தட்டு விலை குறைவு. ஆனால் மெசினைத் தண்ணீரில் தாழ்க்க முடியாது. ஈரத்துணியால் துடைக்க மட்டுமே முடியும். மீனும் மஞ்சளும் படும் எங்கள் வீடுகளில் மணம் போகாது. கழரும் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சில மெசின்களுக்கு மேலதிகத் தட்டுகள் தனியாக விற்பார்கள். ஒரு சோடியை மச்சத்துக்கும் மற்றச் சோடியைச் சைவத்துக்கும் வைத்துக்கொண்டால், அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே மெசினில் மனக்குறை இல்லாமல் சாப்பிடலாம். வாங்குமுன் இதைக் கேட்டு அறியுங்கள்.

இரண்டாவது, மேல் மூடியின் பிணைச்சலைப் பாருங்கள். தடித்த பாணை வைத்து மூடும்போது மேல்தட்டு பாணின் உயரத்துக்கு எழும்பி மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் பின்பக்கம் கருகும், முன்பக்கம் பச்சையாக இருக்கும்.

மூன்றாவது, அளவு. நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு துண்டு மட்டும் கொள்ளும் மெசின் என்றால், கடைசியாகச் சாப்பிடுபவர் எப்போதும் தாயாகத்தான் இருப்பார். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்குப் பெரியது இடத்தை அடைக்கும். நிமிர்த்தி அலுமாரிக்குள் வைக்கக் கூடியதா என்றும் பாருங்கள்.

நான்காவது, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியும் நேரம் வைத்து நிற்பாட்டும் வசதியும். குறைந்த விலை மெசின்கள் பலவற்றில் நிற்பாட்டும் சுவிச் கூட இல்லை. பிளக்கைச் செருகினால் ஓடும், கழற்றினால் நிற்கும். பிள்ளைகள் பாவிக்கும் வீட்டுக்கு, தானாக நிற்கும் மெசினுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

ஒட்டாத பூச்சுள்ள தட்டில் கத்தியோ முள்ளுக்கரண்டியோ படக்கூடாது. மரத் துடுப்பைப் பாவியுங்கள்.

பிள்ளையின் கையில் கொடுக்குமுன்

பிள்ளையைத் தனியே வீட்டில் விடுவதற்கு இன்ன வயது வேண்டும் என்று இந்நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஆபத்து நேரும்படி விட்டுச் செல்வது குற்றம். எனவே மெசின் வந்த முதல் கிழமை, பிள்ளையோடு கூட நின்று செய்து காட்டுங்கள். ஜன்னல் சீலைக்குக் கிட்டவோ, தொங்கும் அலுமாரிக்கு நேர் கீழேயோ வைக்கக் கூடாது. கைபிடியைத் தவிர வேறு இடத்தில் தொடக் கூடாது. முடிந்ததும் சுவர் சுவிச்சை நிற்பாட்டிப் பிளக்கைக் கழற்ற வேண்டும். இம்மூன்றையும் தானாகச் செய்யும் வரை பிள்ளை தனியே பாவிக்க வேண்டாம்.

நேற்றைய கறியிலும் கவனம் தேவை. சமைத்த கறியை இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பாண் வெளியே பொன்னிறமாக வந்தாலும் உள்ளே கறி குளிர்ந்தபடியே இருக்கக் கூடும். கறியை ஆவி பறக்கச் சூடாக்கிய பின்பே பாணுக்குள் வையுங்கள்.

காசும் பற்றுச்சீட்டும்

1000 வாற் மெசின் பத்து நிமிடம் ஓடினால் செலவாவது ஒரு யூனிற்றில் ஆறில் ஒரு பங்கு. யூனிற் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 4 பென்ஸ். இரண்டு பாணுக்காகப் பெரிய அவணைச் சூடேற்றுவதை விட இது எவ்வளவோ மலிவு. காசு போட்டு மின்சாரம் எடுக்கும் மீற்றர் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

பற்றுச்சீட்டை எறிய வேண்டாம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இணையத்தில் வாங்கினால், பழுது இல்லாவிட்டாலும், கைக்கு வந்து 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். ஆங்கிலம் சரளமாக வராது என்று கூச்சப்பட்டுப் பழுதான பொருளை அலுமாரிக்குள் வைத்திருப்பவர்கள் எம்மிடையே பலர். மெசினையும் பற்றுச்சீட்டையும் மேசையில் வைத்தாலே பாதிக் கதை முடிந்துவிடும். மீதிக்குப் பிள்ளையையோ அயலவரையோ கூட்டிச் செல்லுங்கள். தெரியாத ஒருவரிடம் பழையதாக வாங்கும் பொருளுக்கு இந்த உரிமைகள் கிடையாது. வயர் வெடித்திருந்தால் சும்மா தந்தாலும் வாங்க வேண்டாம்.

பெயர் பெற்ற மெசின், விலை கூடிய மெசின் என்று தேடுவதை விட, யார் அதைப் பாவிக்கப் போகிறார்கள், எந்தப் பிளக்கில், யார் கழுவப் போகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின் கடைக்குப் போங்கள். அவசரத்தில் வாங்கிய பொருள்தான் பெரும்பாலும் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்ச் சேருகிறது.

அடுத்த இதழில், குளிர்காலத்தில் வீட்டுச் சுவரில் பிடிக்கும் பூஞ்சணம் பற்றியும், அதற்கு வீட்டுச் சொந்தக்காரரிடம் என்ன கேட்கலாம் என்பது பற்றியும் எழுதுவோம்.