அடுக்களை தாங்கும் அடையாளம்

அக்டோபர் பிறந்தால் அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின், வடக்கு டகோட்டா மாநிலச் சிற்றூர்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். தேவாலயங்களின் கீழ்த்தளக் கூடங்களிலும் நார்வே வம்சாவளியினரின் மன்றங்களிலும் பெரிய பெரிய பாத்திரங்கள் அடுப்பேறும். காற்றில் காயவைத்த காட் மீன் கருவாட்டைக் காரநீரில் ஊறவைத்து, பிறகு நாள்கணக்கில் நன்னீரில் அலசி, நெகிழ்ந்து வழுக்கும் பதத்தில் வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றிப் பரிமாறுவார்கள். ‘லூட்டஃபிஸ்க்’ என்று பெயர். கூடவே, உருளைக்கிழங்கு மாவை மெல்லிதாகத் தேய்த்துச் சுட்ட ‘லெஃப்ஸ’ ரொட்டி. மீன் வாடை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இறைச்சி உருண்டை. சீட்டு வாங்கிக் காத்திருந்து, பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பல சிறிய மன்றங்களுக்கு இந்த ஒரு விருந்துதான் ஆண்டின் பெரிய வரவு.

பண்பாட்டு அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது, பண்பாட்டை முதலில் வைத்து, அதற்குப் பணம் சேர்ப்பதை வேறு வழியில்லாத தொல்லையாகப் பின்னால் வைப்பது வழக்கம். நார்வேஜிய அமெரிக்கர்களின் இருநூறாண்டு வரலாறு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அவர்களிடம் மொழி போயிற்று. சேர்ந்து வாழ்ந்த பேட்டைகள் கலைந்தன. மன்றங்களைத் தொடங்கவைத்த பொருளாதாரத் தேவையும் தீர்ந்தது. நிதி திரட்டுவதற்காகக் கூடி உழைக்கும் பழக்கம் மட்டும் நின்றது. மிச்சமிருக்கும் பண்பாடு அந்த உழைப்பைப் பற்றிக்கொண்டுதான் பிழைத்திருக்கிறது.

1825 ஜூலை 4 அன்று ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்டவ்ராஷன்’ என்ற சிறு கப்பல் 52 பேருடன் புறப்பட்டது. வழியில் ஒரு குழந்தை பிறக்க, அக்டோபர் 9 அன்று 53 பேராக நியூயார்க்கில் இறங்கினார்கள். அடுத்த நூறாண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நார்வேயை விட்டு அமெரிக்கா சென்றனர். அப்போதைய நார்வேயின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஐரோப்பாவில் அயர்லாந்தை விட்டால் இவ்வளவு பெரிய பங்கினரை இழந்த நாடு அரிது. 2025ஆம் ஆண்டு அந்தப் பயணத்தின் இருநூறாம் ஆண்டு. கப்பலின் மறுவடிவம் ஒன்று அதே ஜூலை 4இல் ஸ்டவாங்கரில் கிளம்பி அதே அக்டோபர் 9இல் நியூயார்க்கை அடைந்தது.

வந்தவர்கள் கட்டிய அமைப்புகளில் பெரியது ‘சன்ஸ் ஆஃப் நார்வே’. 1895 ஜனவரியில் மின்னியாபொலிஸ் நகரின் வடபகுதியில் 18 ஆண்கள் கூடித் தொடங்கினார்கள். 1893இல் வெடித்த பொருளாதார நெருக்கடி ஓயாத நேரம் அது. வேலையிழந்தவன் நோயில் விழுந்தால் மருந்துக்குப் பணமில்லை. இறந்தால் அடக்கத்துக்குப் பணமில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுநிதி வைத்துக்கொண்டார்கள். ஆக, அந்த மன்றம் பிறந்ததே ஒரு காப்பீட்டு ஏற்பாடாகத்தான். நாட்டுப்புற நடனமும் பாட்டும் அதைச் சுற்றிப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இன்றும் அது சட்டப்படி ஒரு காப்பீட்டுச் சகோதர சங்கம்தான்.

அந்தப் பதினெட்டுப் பேரும் ஆண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்கள் 1897இல் ‘டாட்டர்ஸ் ஆஃப் நார்வே’ என்று தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் பணம் சேர்ப்பதில் பெண்கள் ஆண்களுக்குப் பல பத்தாண்டுகள் முந்தியவர்கள். நார்வேயின் லிங்டால் ஊரில் குருவானவரின் மனைவியாக இருந்த குஸ்தாவா கீலன்ட் 1840களில் தொடங்கிய பெண்கள் சங்கத்தை அந்நாட்டுச் சமய மகளிர் சங்கங்களுக்கெல்லாம் முன்னோடி என்பார்கள். பின்னல், தையல், நெசவு என்று கையால் செய்ததை விற்று மறைப்பணிக்கு அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் கடல் தாண்டி மின்னசோட்டாவுக்கும் அயோவாவுக்கும் போயிற்று. தேவாலயக் கூட்டத்தில் வாக்களிக்க உரிமையில்லாத பெண்கள், அதே தேவாலயத்தின் மணிக்கும் அடுப்புக்கும் கூரைக்கும் பணம் கொடுத்தார்கள். சந்தையும் காப்பி விருந்தும் குலுக்கல் சீட்டும் அவர்கள் கைவழி வந்தவை.

அந்தப் பணம் ஊர் எல்லையோடு நிற்கவுமில்லை. லார்ஸ் ஸ்க்ரெஃப்ஸ்ரூட் என்ற நார்வேக்காரர் 1867இல், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சந்தால் பர்கனாவில், டென்மார்க்கைச் சேர்ந்த பியோரெசனுடன் சேர்ந்து தொடங்கிய சந்தால் மறைப்பணிக்கு அமெரிக்காவின் நார்வேஜிய மகளிர் சங்கங்களும் உதவின. பனி கொட்டும் சமவெளியில் ஒரு விவசாயியின் மனைவி பின்னிய காலுறை, சந்தால் பர்கனாவின் தும்கா பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு உதவியிருக்கிறது. நார்வேயின் மறைப்பணிச் சங்கம் 1904இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அந்த நாடே எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது 1913இல்தான். கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்களை வாக்குச்சீட்டிலிருந்து நெடுநாள் விலக்கிவைக்க முடியவில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மொழி போன கதை வேதனையானது. முதல் உலகப் போரின்போது, 1918 மே மாதத்தில், அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும் வழிபாட்டிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று ஆணையிட்டார். ஜெர்மன் மொழியைக் குறிவைத்த ஆணைதான், ஆனால் நார்வேஜியரும் அதில் சிக்கினார்கள். ஆணை சில மாதங்களில் விலக்கப்பட்டது. பயம் விலகவில்லை. பிள்ளைகளோடு ஆங்கிலத்திலேயே பேசுவது பாதுகாப்பு என்று பெற்றோர் முடிவுசெய்துவிட்டார்கள். பிரசங்கம் மாறியது, மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பு மாறியது. அந்தக் காலத்தில் வெளிவந்துகொண்டிருந்த நார்வேஜிய இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மின்னியாபொலிஸில் 1922இல் தொடங்கிய ‘மின்னகிர்க்கன்’ தேவாலயம் இன்றும் நார்வே மொழியில் வழிபாடு நடத்துகிறது. அப்படிப்பட்ட விதிவிலக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மொழியை இழந்த ஒருவருக்கு மொழி வகுப்பு தன் குறையை நினைவூட்டுகிறது. கவிதை வாசிப்பு அவரை வெளியில் நிறுத்துகிறது. லெஃப்ஸ மேசை அப்படிச் செய்வதில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கைக் கட்டியில்லாமல் பிழிந்து, வெண்ணெயும் பாலேடும் சேர்த்து ஆறவைக்க வேண்டும். மாவு கலந்த பிறகு தாமதித்தால் நீர்விட்டு ஒட்டும். துணி போர்த்திய வட்டப் பலகையில், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கட்டையால் கிட்டத்தட்ட அடிப்பலகை தெரியுமளவுக்குத் தேய்த்து, நீண்ட தட்டைக் குச்சியால் நடுவில் தூக்கி, வட்டமான பெரிய மின்சாரத் தோசைக்கல்லில் போட்டுத் திருப்ப வேண்டும். எண்பது வயதுப் பாட்டி தேய்ப்பார், பதின்மூன்று வயதுப் பேரன் திருப்புவான், மருமகளாக வந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண் மடித்து அடுக்குவாள். நார்வே மொழியில் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் மூவருக்கும் அங்கே இடம் உண்டு, பொறுப்பும் உண்டு. யார் எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர், எந்தப் பண்ணை ஏன் விற்கப்பட்டது என்ற கதைகளெல்லாம் இந்த வேலைக்கு நடுவேதான் கைமாறுகின்றன. விற்க வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் இத்தனை ரொட்டி தேவைப்படாது. இத்தனை ரொட்டி தேவைப்படாவிட்டால் இத்தனை பேர் இத்தனை நாள் ஒரே மேசையைச் சுற்றி நிற்கவும் மாட்டார்கள்.

காசுக்காகச் செய்வது கலையைக் கெடுக்கும் என்பவர்களுக்கு பெர் லிஸ்னேயின் வாழ்க்கையைச் சொல்வேன். விஸ்கான்சின் மாநில ஸ்டோட்டன் நகரில் வண்டித் தொழிற்சாலையில் வண்ணம் தீட்டியவர் அவர். 1930களின் பெருமந்தத்தில் பிழைப்புக்கு வழி தேடி, தந்தையிடம் கற்ற ‘ரோஸமாலிங்’ பூவேலையை மரத்தட்டுகளில் வரைந்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவில் மறைந்துகொண்டிருந்த அந்தக் கலை அவர் தட்டுகளிலிருந்து மறுபடி தளிர்த்தது. அயோவாவின் டெக்கோரா நகரில் 1877இல் ஒரு கல்லூரித் தொகுப்பாகத் தொடங்கிய வெஸ்டர்ஹெய்ம் அருங்காட்சியகம் 1967 முதல் அதற்குக் கண்காட்சியும், நார்வேயிலிருந்து ஆசிரியர்களை அழைத்து வகுப்பும் நடத்தியது. அதே ஆண்டில்தான் அந்த ஊரின் ‘நார்டிக் ஃபெஸ்ட்’ திருவிழாவும் தொடங்கியது. கடை போட்டு விற்ற கலைதான் அருங்காட்சியகத்துக்குள் மரியாதையோடு நுழைந்தது.

ஓஸ்லோவிலிருந்து வரும் விருந்தினர்கள் சிலர் இதையெல்லாம் பார்த்து, 1880இல் உறைந்துபோன நார்வே என்பார்கள். எண்ணெய் வளத்தால் செழித்த, சமத்துவம் பேசும் இன்றைய நார்வே இதில் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஒன்றை அவர்கள் கவனிப்பதில்லை. நார்வேயிலும் பள்ளி இசைக்குழுவின் சீருடைக்காகப் பெற்றோர் வீடுவீடாகக் கழிவறைத் தாள் விற்கிறார்கள். மே 17 தேசிய நாளில் கேக் விற்கிறார்கள். ‘டுக்னாட்’ என்று சொல்லி, ஊர்கூடிச் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள். இருகரையிலும் இன்றுவரை மாறாத நார்வே ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

எனக்கு உண்மையான கவலை வேறிடத்தில். சேரும் பணம் எங்கே போகிறது? 1964இல் நார்வேயில் பார்வையற்ற இசைக்கலைஞர் எர்லிங் ஸ்டோர்டால் பார்வையற்றோருக்கான பனிச்சறுக்குப் போட்டியைத் தொடங்கினார். நார்வேயில் பிறந்து கொலராடோவில் பனிச்சறுக்குக் கற்பித்த ஓலாவ் பெடர்சன் அதை 1975இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். ‘ஸ்கீ ஃபார் லைட்’ என்ற அந்த அமைப்பில், பார்வையற்ற ஒருவருக்குப் பக்கத்தில் பார்வையுள்ள ஒருவர் இணையாகச் சறுக்கி வழிசொல்வார். தொடக்கத்திலிருந்தே சன்ஸ் ஆஃப் நார்வே கிளைகள் அதற்குத் துணைநிற்கின்றன. அங்கே வரும் பார்வையற்றவர் நார்வேஜியராக இருக்க வேண்டியதில்லை, அநேகமாக இருப்பதுமில்லை. நார்வேயின் குளிர்காலப் பழக்கம் ஒன்று, நார்வேயோடு சம்பந்தமே இல்லாத ஒருவரின் வாழ்க்கையைத் திறந்துவிடுகிறது. பாரம்பரிய மன்றம் ஒன்று செய்யக்கூடிய மேலான காரியமாக இதை நினைக்கிறேன்.

இதற்கு நேரெதிரான வழியில் பல கிளைகள் போய்க்கொண்டிருக்கின்றன. சொந்தமாக ஓர் அரங்கம் இருக்கும். கூரை ஒழுகும், வெப்பமூட்டி பழுதாகும், காப்பீட்டுத் தொகை ஏறும். விருந்து, குலுக்கல், ஏலம் எல்லாமே அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றவே சரியாகிவிடும். உறுப்பினர்களுக்கு வயதாகிறது, அந்தக் கூரைக்காக ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க இளையவர்களுக்கு மனம் வருவதில்லை. நார்வேஜியர் நிறைந்திருந்த புரூக்ளின் சன்செட் பார்க்கின் எட்டாம் அவென்யூ, அவர்களின் ‘லாப்ஸ்கவ்ஸ்’ குழம்பின் பெயரால் அழைக்கப்பட்ட தெரு, இன்று சீனக் கடைகளின் தெரு. ஆனாலும் பக்கத்து பே ரிட்ஜில் மே 17 ஊர்வலம் நடக்கிறது. பேட்டை போனாலும் பழக்கம் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மின்னியாபொலிஸ் லேக் தெருவில் இருந்த தன் பழைய தலைமையகத்தைச் சன்ஸ் ஆஃப் நார்வேயே விட்டுக்கொடுத்துவிட்டது. அந்த மனையில் குடியிருப்புகள் எழுந்தன, அமைப்பு புதிய அலுவலகத்துக்கு மாறியது. கிளைகளுக்கும் அந்தத் துணிவு வர வேண்டும்.

விருந்துக்கே இப்போது சோதனை வந்திருக்கிறது. பேரன்ட்ஸ் கடல் காட் மீனுக்கு நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து விதிக்கும் பிடி அளவு 2021இல் 8,85,600 டன். 2025இல் 3,40,000 டன். 1991க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. கருவாட்டின் விலை ஏறாமல் என்ன செய்யும்? சீட்டின் விலையை ஏற்றினால் கூட்டம் குறையும். சமையலை வெளியாரிடம் ஒப்படைத்துவிடலாமே, கோழியிறைச்சியோடு எளிய இரவுணவாக மாற்றிவிடலாமே என்ற பேச்சு எழுவது இயல்பு. மீனை மாற்றினால் எனக்கு மறுப்பில்லை. கையை மாற்றக் கூடாது. இளைய கிளைகள் லெஃப்ஸவை மட்டுமே வைத்து விருந்து நடத்திப் பார்க்கலாம். காசோலை எழுதி அனுப்பச் சொல்லும் வேண்டுகோள் கடிதம் அதே தொகையைத் திரட்டித் தரக்கூடும், ஆனால் அதை எழுதியவரும் படித்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

இருநூறாம் ஆண்டு விழா மேடைகள் போதிய அளவு பேசாத ஒன்று உண்டு. இந்த ஊர்களில் பல டகோட்டா மக்களின் நிலத்தில் எழுந்தவை. வடக்கு டகோட்டாவின் ஸ்பிரிட் லேக் பழங்குடி ஒதுக்கு நிலம் 1904இல் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டபோது அங்கே நிலம் பெற்றவர்களில் நார்வேஜியர் பலர். அந்த அண்டை வாழ்க்கையைச் சமூகவியலாளர் கேரன் ஹான்சன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவருடைய பாட்டியே அங்கே குடியேறியவர். நூறாண்டுகளுக்கு முன் சந்தால் பிள்ளைகளை நினைத்த அடுக்களைகள், பத்து மைல் தள்ளியிருக்கும் டகோட்டா மொழிப் பள்ளியை நினைப்பதற்கு என்ன தடை?

கூடி உழைத்துப் பண்பாட்டைத் தாங்கும் இதே வேலையை நார்வே மண்ணில் நம்மவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து 1956இல் நார்வே சென்ற அந்தோனி ராஜேந்திரத்தின் முயற்சியால், நார்வே இளைஞர்கள் திரட்டிய பணம் 1967இல் காரைநகரில் ‘சீநோர்’ மீன்பிடித் திட்டமானது. போர்க்காலத்தில் நார்வே போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் இன்று ஓஸ்லோ ரொம்மன் பகுதியின் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் வார இறுதியில் தமிழ் படிக்கிறார்கள், பரதம் ஆடுகிறார்கள். அங்கும் அடுக்களையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். அங்கும் மூன்றாம் தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. மின்னசோட்டாக்காரர்கள் மொழியைக் காப்பாற்றத் தவறினார்கள். நாம் தவறக் கூடாது. ஆனால் மொழி தட்டித்தடுமாறும் பிள்ளைக்கும் மன்றத்தில் ஒரு வேலையும் ஒரு குரலும் வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து கற்கலாம். மேடையில் ஆடவைப்பதும் பரிமாறவைப்பதும் போதாது. விழா வரவில் ஒரு பகுதியைப் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுவரை உள்ளவர்களின் குழுவிடம் கொடுத்து, யாருக்குச் செலவிடுவது என்பதை அவர்களே முடிவுசெய்ய விடவேண்டும், பெரியவர்களின் ஒப்புதல் கேட்காமல். ஓஸ்லோவானாலும் டெக்கோராவானாலும், அந்தப் பகுதி மொத்த வரவில் கால்பங்குக்குக் குறையக் கூடாது.