தையற்கூடம் ஆலங்காயத்துக்கு வரவேண்டும்

ஒரு தேசத்திற்குள் சரக்கு எந்தத் திசையில் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது கச்சாப்பொருள் கிடைக்கும் இடமன்று, தொழில் வேரூன்றிய இடமே என்பதற்குப் பாலாற்றங்கரைத் தோல் தொழிலே தக்க சாட்சியம். வங்காளத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் உரித்து உப்பிட்ட தோல் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் வந்து சேர்வதற்குக் காரணம், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் கைத்திறனும், முதல் போடத் துணிந்த வணிகரும், சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளின் தொடர்பும் தலைமுறை தலைமுறையாக இங்கு நிலைத்திருந்ததேயாகும்.

ஆயினும் தொழிலின் இருப்பிடத்தைச் சர்க்காரின் கொள்கையும் மாற்றவல்லது. 1950-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை இரும்புக்கும் எஃகுக்கும் ரயில் கட்டணத்தைச் சமப்படுத்திய ஏற்பாட்டினால், சுரங்கங்களைத் தன் மடியில் வைத்திருந்த பழைய பீகார், அவற்றை ஒட்டி எழுந்திருக்கவேண்டிய ஆலைகள் பலவற்றைப் பிற மாநிலங்களுக்குப் பறிகொடுத்தது. மாறாக, 1970-களில் மத்திய சர்க்கார் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தவே, அந்நிய தேசங்களில் நடந்த வேலை இங்கு வந்தது. முழுதும் பதனிட்ட தோலும், பின்னர் ஷூவின் மேற்பகுதியான அப்பரும், முழு ஷூவும் இங்கிருந்தே கப்பலேறின. நூல், பசை, அட்டைப்பெட்டி விற்போரும் உடன் தழைத்தனர்.

அந்த அபிவிருத்தி சுற்றிலுமுள்ள சிற்றூர்களைப் போதிய அளவு எட்டவில்லை என்பதே நம் முறையீடு. விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கம்பெனி பஸ் ஏறும் பெண்கள் இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். குழந்தையை விட்டுச் செல்ல இயலாதவர்களோ, திண்ணையில் அமர்ந்து அப்பரை ஊசியால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவென்று இடைத்தரகர் தரும் சொற்பக் கூலியில் ஜீவிக்கின்றனர்.

தோல் தொழில் என்றாலே நீர் கெடுமே என்று அஞ்சுவோர் உண்டு; வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பைப் படித்தவர்கள் அந்த அச்சத்தை அலட்சியம் செய்யமாட்டார்கள். ஆனால் நாம் ஆலங்காயத்துக்குக் கேட்பது தோல் பதனிடும் ஷாப்பு அன்று, தையற்கூடமே. வெட்டுவதற்கும் தைப்பதற்கும் ஆற்று நீர் வேண்டியதில்லை. சிதறிய கூடங்களால் செலவு பெருகும் என்ற வாதமும் நிற்காது. வாணியம்பாடியிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணமும் ஆகாத ஊர் ஆலங்காயம்.

ஆகவே, ஆலங்காயத்தில் சிட்கோ என்னும் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம் பொதுத் தையற்கூடங்களை அமைத்து, அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சியை இவ்வூர்ப் பெண்களுக்கு அளித்து, வீட்டில் தைப்போருக்கும் வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் கிடைக்கச் செய்யவேண்டும். இங்கு தைத்த சரக்கு லாரியேறிப் புறப்படும்போது, அதற்கான கூலி இங்குள்ள கடைவீதியில் செலவாகும். சம்பாதிக்கும் ஊரே வாங்கும் ஊராகவும் ஆகும். அதற்கு வழிசெய்வது சர்க்காரின் கடமை.