வளரும் பிள்ளை, வளராத லாபம்

குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கும், மூன்று மாதத்தில் சட்டை பற்றாமல் போகும், ஆகவே குழந்தைத் துணி வியாபாரம் வற்றாத ஊற்று. பெயர் ஒன்று நின்றுவிட்டால் கடைகளைப் பெருக்கிக்கொண்டே போகலாம் என்று சொல்கிறார்கள். வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுத்துப் பழகிய திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று சொந்தப் பெயரில் இறங்க நினைத்தால், முதலில் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். இதன் முற்பாதி உண்மை. பிற்பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. பிள்ளை வளர்வது வாங்குபவரைத் திரும்ப வரவழைக்கிறது. அதே வளர்ச்சி விற்பவரின் முதலைக் கிடங்கில் முடக்குகிறது. பெரியவர் சட்டைக்கு ஐந்து சைஸ் போதும். முதல் இரண்டு வயதுக்கு மட்டுமே பிறந்த குழந்தை, 3, 6, 9, 12, 18, 24 மாதம் என்று ஏழு சைஸ் வேண்டும். ஆண், பெண் இருவருக்கும் மும்மூன்று நிறம் என்றால் ஒரே மாடலுக்கு 42 வகைச் சரக்கு. அதில் 9 மாத சைஸ் தீர்ந்து 18 மாத சைஸ் தேங்கினால், ஒரே நாளில் ஒரு தாய் வெறுங்கையோடு திரும்புவாள், இன்னொரு அடுக்கு தள்ளுபடிக்குப் போகும்.

துணி குறைவு, ஆகவே அடக்கவிலையும் குறைவு என்பது அடுத்த வாதம். மிச்சமாவது துணி மட்டுமே. கழுத்து, கை, பிரஸ் பட்டன் என்று தையல் வேலை பெரிதாகக் குறைவதில்லை. அமெரிக்காவுக்கு அனுப்புவதானால் 2008-இல் வந்த பாதுகாப்புச் சட்டப்படி பட்டன், ஜிப், பிரிண்ட் ஆகியவற்றில் ஈயம் இருக்கிறதா என்று வெளி ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். அது வேண்டிய செலவு, குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் மாடல்கள் கூடக் கூட அதுவும் கூடும்.

கடைகளைப் பெருக்கியவர்கள் கதைக்கு ஜிம்போரீ போதும். 1976-இல் கலிபோர்னியாவில் குழந்தைகளுக்கான விளையாட்டு வகுப்பாகத் தொடங்கி, பின்னர் துணிக்கடையான நிறுவனம் அது. 2010-இல் பெயின் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 180 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2017-இல் 1,200-க்கும் மேற்பட்ட கடைகளோடு திவால் மனு, 2019 ஜனவரியில் மீண்டும் ஒன்று. அதைக் கொன்றது அந்த வாங்குதலில் ஏறிய கடன்தானே, கடைகள் அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கடன் பெரும் பங்கு. ஆனால் வற்றாத ஊற்று என்ற நம்பிக்கை இல்லாமல் அவ்வளவு கடனை யாரும் அந்தத் தலையில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அந்த ஊற்றும் சுருங்கியது: அமெரிக்காவில் 2007-இல் ஏறத்தாழ 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 2023-இல் 36 லட்சம்தான்.

1865-இல் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைத் துணி நிறுவனமான கார்ட்டர்ஸ் வேறு வழியில் நின்றது. அதன் பிழைப்பு கைக்குழந்தைகளின் அன்றாட உடுப்பில்: பாடி சூட், இரவு உடுப்பு. கணக்கு திரும்பும் இடம் இதுதான் என்பேன். விற்காமல் நின்ற வெள்ளை பாடி சூட்டுக்கு உரிய குழந்தை அடுத்த ஆண்டு பிறக்கும்; இந்த ஆண்டுப் பண்டிகைப் படம் அச்சிட்ட கவுனுக்கு அப்படியொரு குழந்தை பிறக்கப்போவதில்லை. எல்லாவற்றையும் தன் கடையிலேயே விற்க வேண்டும் என்றும் கார்ட்டர்ஸ் அடம்பிடிக்கவில்லை; வால்மார்ட், டார்கெட், அமேசானுக்குத் தனித்தனிப் பெயர்களில் தருகிறது. சாதாரண உடுப்புக்கு பிராண்ட் விலை கிடைக்காது என்பார்கள். ஒரு உடுப்பின் விலை குறைவாக இருக்கலாம். தள்ளுபடியில் கரையாத விலை அது, அதே பணம் ஆண்டில் பலமுறை சுழலும். கார்ட்டர்ஸுக்கும் ஆயிரம் கடை இருக்கிறதே என்றால், இருக்கிறது. அதுவே 2025 அக்டோபரில், இறக்குமதி வரியும் சேர்ந்து அழுத்த, குத்தகை முடிய முடிய சுமார் 150 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது.